வாங்கிய கை கொடுக்கும்போது

கல்வி உதவித்தொகையில் படித்து வேலைக்குப் போனவர்கள் தங்களுக்குப் பின்னால் வரும் மாணவர்களுக்கு மூன்று வகையில் உதவுகிறார்கள். கட்டணம் கட்டுவது, தேர்வுக்குப் பயிற்சி தருவது, பள்ளிக்கு வசதி செய்துகொடுப்பது ஆகியவை முதல் வகை. எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, எந்தச் சான்றிதழ் என்பதில் தொடங்கி, கல்லூரியில் தடுமாறும்போது தாங்கிப் பிடிப்பது வரை உள்ள வழிகாட்டல் இரண்டாவது வகை. வேலை, தங்குமிடம், மேற்படிப்பு பற்றிய செய்திகளும் அறிமுகங்களும் கிடைக்கும் தொடர்பு வட்டத்துக்குள் இளையவர்களைச் சேர்த்துக்கொள்வது மூன்றாவது வகை.

முதல் வகை நம் ஊர்களில் நெடுங்காலமாக உள்ளது. மற்ற இரண்டும் கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் தமிழ்நாட்டில் தெளிவான உருப்பெற்றவை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன தலைமுறை இப்போது பெரிய எண்ணிக்கையில் வேலையில் இருப்பதே இதற்குக் காரணம். இந்த உதவி எப்படி நடக்கிறது, எங்கே பயன் தருகிறது, எங்கே சறுக்குகிறது என்பதைப் பார்க்கத் திண்டுக்கல் பொருத்தமான இடம்.

மில்லா, கல்லூரியா?

மதுரை மாவட்டத்திலிருந்து 1985 செப்டம்பர் 15 அன்று பிரிந்து உருவானது திண்டுக்கல் மாவட்டம். நகரில் பூட்டுத் தொழிலும் தோல் பதனிடும் தொழிலும், வேடசந்தூர், வடமதுரை வட்டாரங்களில் நூற்பாலைகளும், சின்னாளபட்டியில் கைத்தறியும் சுங்குடியும், நிலக்கோட்டையில் பூ விவசாயமும், ஒட்டன்சத்திரத்தில் காய்கறிச் சந்தையும் மக்களுக்குப் பிழைப்பு. பெரும்பாலும் இவை நாள் கூலியும் வாரக் கூலியும் தரும் வேலைகள். பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு உடனே சம்பளம் தரக்கூடிய மில் பக்கத்திலேயே இருக்கிறது. ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஊருக்குள்ளேயே வந்து நிற்கும். திருமணமாகாத இளம்பெண்களை மூன்று ஆண்டு அளவில் விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கி, முடிவில் மொத்தத் தொகை தரும் ‘சுமங்கலித் திட்டம்’ மேற்குத் தமிழ்நாட்டு நூற்பாலைகளில் பரவிக் கடும் கண்டனத்துக்கு உள்ளானபோது, அதில் அடிபட்ட மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று.

கல்லூரிக்கும் இங்கே பஞ்சமில்லை. காந்திகிராம கிராமிய நிறுவனம், எம்.வி.எம். அரசு மகளிர் கலைக் கல்லூரி, ஜி.டி.என். கலைக் கல்லூரி ஆகியவை பல தலைமுறைகளைப் பார்த்தவை. பி.எஸ்.என்.ஏ. பொறியியல் கல்லூரி 1984 முதல் நடக்கிறது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று திண்டுக்கல்லுக்குக் கிடைத்தது. ஆக, மில்லும் பக்கம், கல்லூரியும் பக்கம். எந்தப் பக்கம் திரும்புவது என்பதைப் பல வீடுகளில் முடிவு செய்வது பணம் மட்டுமே என்று சொல்ல முடியாது. கல்லூரிக்குப் போகும் வழி தெரிந்த ஒருவர் அந்த வீட்டுக்கு அருகில் இருக்கிறாரா என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

இருக்கும் உதவித்தொகைகள்

எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தேர்வில் தேர்வானால், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்கக்கூடாது. ஒன்பதாம் வகுப்பில் எழுதும் ஊரகத் திறனாய்வுத் தேர்வு ஒவ்வொரு வருவாய் மாவட்டத்திலும் 50 மாணவர்களையும் 50 மாணவிகளையும் தேர்ந்தெடுக்கிறது. தமிழ்நாடு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வில் தேர்வாகும் அரசுப் பள்ளி மாணவர்கள் 1,000 பேருக்குப் பட்டப்படிப்பு வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் தரப்படுகிறது.

கல்லூரிக்குப் போனால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை 2010-11 கல்வியாண்டு முதல் நடைமுறையில் உள்ளது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020இலும் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021இலும் வந்தது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் வரலாறு 1944இல் தொடங்குகிறது.

பட்டியல் நீளமானது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கடைசித் தேதி, ஒரு வருமான வரம்பு, ஒரு சான்றிதழ், ஆதாருடன் இணைந்த ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். எட்டாம் வகுப்பில் அந்தத் தேர்வை எழுதாமல் விட்ட பிள்ளைக்கு மறுபடி வாய்ப்பு கிடையாது. தலைமையாசிரியர் அக்கறை எடுக்கும் பள்ளியில் வகுப்பே திரண்டு தேர்வு எழுதும். அக்கறை இல்லாத பள்ளியில் தேர்வு வந்து போனதே தெரியாது. இந்த இடைவெளியை நிரப்பத் தகுதியானவர் அந்தத் தேர்வை எழுதி, அந்தப் பணத்தை வாங்கிப் படித்தவர்தான். இன்று கல்லூரியில் இருக்கும் அக்கா, அதே பள்ளிக்கு வந்து மனத்திறன் பகுதிக்கும் படிப்பறிவுப் பகுதிக்கும் நான்கு சனிக்கிழமை பயிற்சி கொடுத்தால், செலவே இல்லாமல் பல வீடுகளுக்கு நான்கு ஆண்டு உதவி வந்து சேரும்.

முன்னோடிகள்

உதவி பெற்றவர் உதவி செய்ய நினைப்பது புதிய வழக்கமில்லை. கணித மேதை ராமானுஜன் 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கிக் கிடந்ததால் ஆங்கிலத்தில் தவறி அந்த உதவித்தொகையை இழந்தார். பிறகு 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. கேம்பிரிட்ஜில் அவர் புகழ் பெற்ற பின், அதே பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் தர முன்வந்தது. 1919 ஜனவரி 11 அன்று அவர் எழுதிய பதில் கடிதத்தில், தொகை தன் தேவைக்கு அதிகம் என்றும், இங்கிலாந்துச் செலவும் பெற்றோருக்கான 50 பவுனும் போக மீதியை ஏழைச் சிறுவர்கள், அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படுத்தலாம் என்றும் கேட்டுக்கொண்டார். கட்டணத்தின் சுமையையும் புத்தகம் கிடைக்காத தவிப்பையும் நேரில் அறிந்தவரின் கோரிக்கை அது.

அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். படித்து முடித்துப் பத்தாண்டு பரோடா அரசில் பணி செய்வதாக ஒப்பந்தம். 1917இல் வேலைக்கு வந்தவருக்குச் சாதியின் பெயரால் தங்க வீடுகூடக் கிடைக்கவில்லை. பணியைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. ஆனால் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946இல் மும்பையில் சித்தார்த்தா கல்லூரியையும் 1950இல் அவுரங்காபாதில் ஒரு கல்லூரியையும் தொடங்கினார். ஒப்பந்தம் போட்டு வாங்க முடியாத பணியைச் சமூகம் அவரிடமிருந்து தானாகப் பெற்றது.

இதையே ஒரு நிதி ஏற்பாடாக்கியவர் ஜாம்ஷெட்ஜி டாடா. 1892இல் அவர் தொடங்கிய அறக்கட்டளை மேற்படிப்புக்குக் கடன் உதவித்தொகை தருகிறது. படித்து வேலைக்குப் போனவர் திருப்பிக் கட்டும் பணம் அடுத்தவரின் படிப்புக்குப் போகிறது. பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன் இந்த உதவியில்தான் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் படித்தார். நூறாண்டுகளைக் கடந்தும் இந்த நிதி வற்றவில்லை.

திண்டுக்கல்லுக்குச் சொந்தமான முன்னோடி காந்திகிராமம். டி.வி.எஸ். நிறுவனர் சுந்தரம் அய்யங்காரின் மகளான மருத்துவர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் சின்னாளபட்டிக்கு அருகில் இதைத் தொடங்கினார்கள். 1956இல் கிராமிய உயர்கல்வி நிறுவனம் உருவானது. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. படிக்கும்போதே கிராமத்தில் தங்கி அங்குள்ள மக்களுடன் வேலை செய்வது இங்கே பாடத்திட்டத்தின் பகுதி. பட்டம் வாங்கிய பிறகு ஊருக்கு ஏதாவது செய்வோம் என்று தள்ளிப்போடாமல், மாணவப் பருவத்திலேயே அந்தப் பழக்கத்தை ஊட்ட வேண்டும் என்பது நிறுவனர்களின் எண்ணம்.

அகரம் காட்டிய மாதிரி

இன்றைய தமிழ்நாட்டில் உதவி பெற்றவர்களே உதவும் அமைப்பாக மாறியதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு அகரம் அறக்கட்டளை. நடிகர் சூர்யா 2006இல் தொடங்கிய இந்த அமைப்பு, 2010இல் ‘விதை’ என்ற திட்டத்தை ஆரம்பித்தது. அரசுப் பள்ளியில் படித்து, கல்லூரிக்குப் போக வழியில்லாத மாணவர்களைத் தேர்ந்தெடுத்துப் படிக்க வைப்பது இதன் வேலை. கல்லூரிகள் இடம் தருகின்றன. நன்கொடையாளர்கள் செலவை ஏற்கிறார்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் பெற்றோரை இழந்தவரா, ஒற்றைப் பெற்றோரின் பிள்ளையா, வீட்டில் முதல் பட்டதாரியா என்பதையும் பார்த்துத் தேர்வு நடக்கிறது.

இந்தத் தேர்வில் முக்கியமான படி, தன்னார்வலர்கள் விண்ணப்பித்த மாணவரின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது. தன்னார்வலர்களில் பலர் அதே திட்டத்தில் படித்த முன்னாள் மாணவர்கள். தகரக் கூரையும் ஒற்றை அறையும் அவர்களுக்குப் புதிதில்லை. வீட்டில் யார் என்ன சொல்லத் தயங்குகிறார்கள், எந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். விண்ணப்பித்த பிள்ளைக்கும் தன் வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்து பேசும் அண்ணனோ அக்காவோ இதே நிலையிலிருந்து படித்து மேலே வந்தவர் என்று தெரியும்போது, பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

படிப்பு தொடங்கியதும் பயிற்சி முகாம்கள், ஆங்கிலப் பேச்சு, வாழ்க்கைத் திறன்கள், வழிகாட்டிகளுடன் தொடர் பேச்சு என்று உதவி நீள்கிறது. 2025 ஆகஸ்டில் விதைத் திட்டத்தின் 15 ஆண்டு நிறைவு விழா சென்னையில் நடந்தபோது, அதில் படித்து மருத்துவரானவர்கள் 51 பேர் என்றும் பொறியாளர்கள் 1,800 பேர் அளவில் என்றும் அறிவிக்கப்பட்டது. உதவி பெறும் மாணவர்கள் ஒரு பக்கமும், வேலைக்குப் போய்த் திரும்பி வரும் முன்னாள் மாணவர்கள் மறுபக்கமும் இருப்பதால், அமைப்பு வளர வளர வேலை செய்யும் கைகளும் கூடுகின்றன.

இன்ஃபோசிஸ் இணை நிறுவனர் எஸ்.டி. ஷிபுலாலும் குமாரி ஷிபுலாலும் 1999இல் தொடங்கிய வித்யாதன் திட்டமும் இதே தடத்தில் போகிறது. பத்தாம் வகுப்பு முடித்த ஏழை மாணவர்களுக்கு உதவும் இத்திட்டத்தில், படித்து முடித்தவர்கள் பிறகு இன்னொரு மாணவரின் செலவை ஏற்பது வழக்கமாகியிருக்கிறது.

வழிகாட்டல் எந்தெந்த நாட்களில் தேவை?

மாணவர்கள் நழுவிப்போகும் நாட்கள் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. பிளஸ் டூ முடிவு வரும் மே மாதத்திலிருந்து கல்லூரி திறக்கும் வரை உள்ள காலம் முதல் கண்டம். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் பதிந்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசை தாண்ட வேண்டும். பொறியியல் கலந்தாய்வில் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் விருப்ப வரிசையில் பதிய வேண்டும். அந்த வரிசை தவறினால், நல்ல மதிப்பெண் வாங்கியும் பொருந்தாத இடத்தில் போய்ச் சேர நேரும். கலை அறிவியல், பாலிடெக்னிக், சட்டம், வேளாண்மை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனித் தேதி. சென்ற ஆண்டு இதையெல்லாம் செய்து முடித்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலை இது.

அமெரிக்காவிலும் இதே காலத்தில் இதே இழப்பு நேர்கிறது. கல்லூரியில் இடம் கிடைத்தும் கோடை விடுமுறை முடியும்போது சேராமல் போகும் ஏழை மாணவர்களைப் பற்றி பெஞ்சமின் காசில்மன், லிண்ட்சே பேஜ் இருவரும் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். குறுஞ்செய்தியில் நினைவூட்டுவதும், சற்றே மூத்த மாணவர்களை வழிகாட்டிகளாக அமர்த்துவதும் சேர்க்கையை உயர்த்தின என்று அவர்கள் கண்டார்கள்.

இரண்டாவது கண்டம் கல்லூரியின் முதல் பருவம். தமிழ் வழியில் படித்தவர் ஆங்கிலப் பாடத்தைப் பார்த்து மிரளும் நேரம் அது. பள்ளியில் முதல் மதிப்பெண் எடுத்தவர் முதல் அரியரைக் கண்டதும் தன்னால் முடியாது என்று ஊருக்கு பஸ் ஏறிவிடுவார். ராமானுஜன் ஒரு பாடத்தில் தவறியதும் உதவித்தொகையை இழந்த நிலைமை இன்றும் வெவ்வேறு வடிவில் நேர்கிறது. ‘எனக்கும் மூன்று அரியர் இருந்தது, நான்காம் பருவத்தில் முடித்தேன்’ என்று ஒரு சீனியர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு அப்போது ஈடு கிடையாது.

மூன்றாவது, வீட்டு நெருக்கடி. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனாலோ, அக்கா கல்யாணத்துக்குக் கடன் விழுந்தாலோ, முதலில் நிறுத்தப்படுவது படிப்பு. அதிலும் பெண்ணின் படிப்பு. அந்த வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் பேச, பணம் அனுப்பும் தூரத்து நன்கொடையாளரால் முடியாது. அதே ஊரிலோ பக்கத்து ஊரிலோ படித்து வேலைக்குப் போன பெண் வந்து பேசினால் நிலைமை மாறக்கூடும். மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் 495 கிராமங்களில் நடந்து 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு வலு சேர்க்கிறது. பெண்கள் இரண்டு முறை ஊராட்சித் தலைவராக இருந்த ஊர்களில், மகனுக்கும் மகளுக்கும் பெற்றோர் கொண்டிருந்த எதிர்பார்ப்புகளின் இடைவெளி 25 விழுக்காடு குறைந்தது. வளரிளம் பிள்ளைகளிடம் அது 32 விழுக்காடு குறைந்தது. முன்னுதாரணம் கண்ணெதிரே நடமாடும்போது வீட்டின் கணக்கே மாறுகிறது.

நான்காவது கண்டம் இறுதியாண்டு. தன்விவரக் குறிப்பு எழுதுவது, நேர்காணலுக்குப் பயிற்சி, மேற்படிப்பா வேலையா என்ற முடிவு ஆகியவற்றுக்கு வீட்டில் யாரிடமும் யோசனை கேட்க முடியாத மாணவர்களுக்கு, அதே துறையில் இரண்டு ஆண்டு முன்னால் போனவரே நல்ல ஆசான்.

தொடர்பு வட்டம்

வசதியான வீட்டுப் பிள்ளைக்கு மாமா ஒருவர் வங்கியில் இருப்பார், சித்தப்பா ஒருவர் சென்னையில் கம்பெனி நடத்துவார். பூட்டுப் பட்டறைத் தொழிலாளியின் பிள்ளைக்கு அந்த அறிமுகங்கள் கிடையாது. முன்னாள் மாணவர் வட்டம் இந்தக் குறையைத்தான் ஈடுசெய்கிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் 16.7 விழுக்காட்டினர் மட்டுமே அடிக்கடி சந்திப்பவரிடமிருந்து செய்தி பெற்றதாகச் சொன்னார்கள். எப்போதாவது சந்திப்பவர்கள் மூலம் பெற்றவர்கள் 55.6 விழுக்காடு. நெருங்கிய சொந்தங்களுக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும். அரைகுறைப் பழக்கமுள்ளவரிடமிருந்தே புதுச் செய்தி வருகிறது. 2022இல் பொருளியலாளர் ராஜ் செட்டியின் குழு ஃபேஸ்புக் நட்புகளை அலசி வெளியிட்ட ஆய்வு இன்னொரு படி மேலே போனது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வசதியானவர்களின் நட்பு, வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு இருக்கும் அளவுக்குக் கிடைத்தால், வளர்ந்த பின் அவர்கள் வருமானம் சராசரியாக 20 விழுக்காடு உயரும் என்று அது கணக்கிட்டது.

நடைமுறையில் இது ஒரு வாட்ஸ்அப் குழுவாக இருக்கலாம். சென்னைக்கோ கோவைக்கோ முதன்முதலாகப் போகும் இளைஞருக்கு முதல் வாரம் தங்க ஓர் அறை, நிறுவனத்தில் ஆள் எடுக்கும் செய்தி, விண்ணப்பத்தை உரியவர் கையில் சேர்க்கும் பரிந்துரை, மோசடி வேலைவாய்ப்பு அழைப்பு வந்தால் எச்சரிக்கை, ஆபத்தில் ரத்தம் ஆகியவை அங்கே ஒரு செய்தியில் கிடைக்கும். ஈழத் தமிழர்களிடையே இந்த வட்டம் கடல் கடந்து விரிந்திருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் லண்டனிலும் டொரண்டோவிலும் கிளைகள் வைத்து, தாங்கள் படித்த கல்லூரிகளுக்குக் கட்டடமும் உதவித்தொகையும் தருகின்றன. போர்க் காலத்திலும் அந்தத் தொடர்பு அறுந்துபோகவில்லை.

பள்ளிக்குத் திரும்பும் வழிகள்

தனி ஆளாகவோ குழுவாகவோ அரசுப் பள்ளிக்கு உதவ முறையான வழிகள் உள்ளன. 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தில் முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் பள்ளியைத் தேர்ந்தெடுத்து உதவலாம். தொழிலதிபர் வேணு சீனிவாசன் இதன் தலைவர். கல்வி உரிமைச் சட்டத்தின்படி இயங்கும் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இப்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டுள்ளது. ‘நான் முதல்வன்’ திட்டத்தின் ‘உயர்வுக்குப் படி’ முகாம்கள், பிளஸ் டூ முடித்தும் கல்லூரியில் சேராதவர்களைத் தேடிப்பிடித்துச் சேர்க்கின்றன. ஊரில் யார் சேரவில்லை என்பதை அறிந்த முன்னாள் மாணவர் இந்த முகாமுக்குப் பெரிய துணை.

பொருளுதவிக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல். 2023 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தனக்கு அளித்த 25 லட்சம் ரூபாய்ப் பரிசை, பாலிடெக்னிக்கிலிருந்து ஐ.ஐ.டி. வரை தான் படித்த கல்வி நிறுவனங்களுக்கு அவர் பகிர்ந்து கொடுத்தார். பாலிடெக்னிக்கையும் அவர் விட்டுவிடவில்லை. புகழ்பெற்ற கடைசிக் கல்லூரிக்கு மட்டும் நன்கொடை குவிவதும், கைபிடித்து எழுதவைத்த முதல் பள்ளி கூரை ஒழுகிக் கிடப்பதும் பொதுவான குறை. ஐ.ஐ.டி.க்குக் கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு அதில் படித்தவரை விட்டால் யாரும் இல்லை.

சறுக்கும் இடங்கள்

நல்லெண்ணம் மட்டும் போதாது. முதல் கேடு, உதவியைக் கடனாக்கி நெருக்குவது. வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் உதவித்தொகை மாணவர் வீட்டுக் கடனை அடைப்பார், தம்பி தங்கையைப் படிக்க வைப்பார். அந்த நேரத்தில் நன்கொடை கேட்டு நச்சரிப்பது நியாயமாகாது. பணமில்லாதபோது நேரம் கொடுக்கலாம்; நேரமில்லாதபோது ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுக்கலாம். எது முடியுமோ அதைக் கேட்பதே முறை.

இரண்டாவது, உதவி பெறும் பிள்ளையின் வறுமையைக் காட்சிப்பொருளாக்குவது. மேடையில் நிறுத்திக் காசோலையோடு படம் எடுத்து, குடும்பக் கஷ்டத்தை ஒலிபெருக்கியில் சொல்ல வைப்பது அந்தப் பிள்ளையின் மனத்தில் ஆறாத வடுவாகும். மூன்றாவது, வட்டம் சாதிக்குள்ளோ ஒரே வகுப்புத் தோழர்களுக்குள்ளோ சுருங்குவது. அறிமுகம் இல்லாதவருக்கு அறிமுகம் தரவே தொடர்பு வட்டம் இருக்கிறது. உள்ளவருக்கே மேலும் தந்தால் அதன் பொருளே போய்விடும்.

நான்காவது, கணக்கு. பணம் வசூலிக்கும் குழு, அறக்கட்டளையாகவோ தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் சங்கமாகவோ பதிவு செய்து, தனி வங்கிக் கணக்கில் வரவு செலவு வைத்து, ஆண்டுதோறும் கணக்கை உறுப்பினர் முன் வைக்க வேண்டும். வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. ஆனால் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் அனுமதி வேண்டும்.

ஐந்தாவது, பிள்ளைகளின் பாதுகாப்பு. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுடன் பழகும் வழிகாட்டி யார் என்பது பள்ளிக்கும் பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சந்திப்பு பள்ளியிலோ நூலகத்திலோ பலர் முன்னிலையில் நடக்க வேண்டும். தனிச் செய்திப் பரிமாற்றத்துக்கு எல்லை வேண்டும். பிரச்சினை வந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எப்படி அழைப்பது என்பது பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லப்பட வேண்டும்.

திண்டுக்கல்லில் தொடங்கினால்

திண்டுக்கல் மாவட்டத்தில் 14 ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. மாவட்டம் முழுவதற்கும் ஒரே பெரிய அமைப்பு தேவையில்லை. ஒன்றியத்துக்குப் பத்து முன்னாள் உதவித்தொகை மாணவர்கள் போதும். ஆண்டின் வேலையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். பள்ளி திறந்ததும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உதவித்தொகைத் தேர்வுகளைப் பற்றிச் சொல்லி, தேர்வுக்கு முன் சில வாரம் பயிற்சி தரலாம். ஜனவரியில் பிளஸ் டூ மாணவர்களின் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரங்களைச் சரிபார்த்துவிடலாம். மே மாத நெரிசலில் ஓட வேண்டியதில்லை. மே முதல் ஆகஸ்ட் வரை கலந்தாய்வுக்கும் சேர்க்கைக்கும் உடன் இருக்கலாம். கல்லூரியில் சேர்ந்தவருக்கு அதே கல்லூரியிலோ அதே துறையிலோ மூத்தவர் ஒருவரை இணைத்துவிட்டால், அடுத்த ஆண்டு அவரே வழிகாட்டியாகத் திரும்பி வருவார். வேடசந்தூர், வடமதுரை போன்ற மில் வட்டாரங்களில் பெண் வழிகாட்டிகளுக்கு முன்னுரிமை தர வேண்டும். வீட்டுக்குள் போய்த் தாயிடம் பேச அவர்களால்தான் முடியும்.

அரசு தரும் உதவித்தொகை மாணவரைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவருகிறது. உள்ளே போய், தாக்குப்பிடித்து, பட்டத்தோடு வெளியே வந்து, நல்ல வேலையில் அமர்வதற்கு வழி தெரிந்த மனிதர் ஒருவரின் துணை வேண்டும். அந்த மனிதர்கள் திண்டுக்கல்லின் ஒவ்வொரு ஊரிலும் இப்போது இருக்கிறார்கள். உதவித்தொகையில் படித்த ஒவ்வொருவரும் வரும் ஜூன் மாதம் தாம் படித்த பள்ளிக்கு ஒருமுறை போய், தலைமையாசிரியரைப் பார்த்து, எட்டாம் வகுப்பில் ஒரு மணி நேரம் பேச அனுமதி கேட்கட்டும். தொடங்க அது போதும்.